எக்ஸோஸ் மேனிஃபோல்ட் கேஸ்கட்: கடைக்கு வருபவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அதற்கு முன்பு தோட்டத்துப் பட்டறையில் டிராக்டருக்குக் கீழே படுத்துக் கிடந்தவன். இங்கே வருகிற கார்களில் பாதி நம் நாட்டுத் தயாரிப்பான சாகா, இஸ்வாரா, வீரா, கஞ்சில். இஸ்வாரா 1992இல் வந்தது, வீரா 1993இல், கஞ்சில் 1994இல். அந்தக் காலத்து வண்டிகள் இன்னும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

அண்ணே, இந்த எக்ஸோஸ் மேனிஃபோல்ட் கேஸ்கட்னா என்னா? எங்க இருக்கு?

இன்ஜினில் எரிந்த புகை ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் தனித்தனி ஓட்டை வழியாக வெளியே வரும். அந்த ஓட்டைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே குழாய்க்குள் அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டுதான் மேனிஃபோல்ட். அதற்கும் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அதுதான் கேஸ்கட். இரண்டு உலோக முகங்களுக்கு இடையே உள்ள இண்டு இடுக்கை அடைத்து, புகை பக்கவாட்டில் கசியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை.

இஸ்வாரா, வீராவில் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால், இன்ஜினின் முன்முகத்தில் தகர மூடி போட்டபடி இருக்கும். வேறு சில கார்களில் பின்பக்கம், டேஷ்போர்டை ஒட்டிய சுவர்ப் பக்கம் ஒளிந்திருக்கும். பின்பக்கம் என்றால் கைக்கு எட்டாது, வேலை இரட்டிப்பு.

காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு சத்தம். ஈப்போ ரோட்டுக்கு வர்றதுக்குள்ள நின்னுடுது. தானா சரியாயிடுச்சா?

இல்லை. குளிர்ந்திருக்கும்போது அந்த இடுக்கு திறந்திருக்கிறது, அதனால் ஒவ்வொரு முறை சிலிண்டர் புகையைத் தள்ளும்போதும் 'டிக்' என்று கேட்கிறது. சூடு ஏறியதும் இரும்பு விரிந்து இடுக்கை மூடிக்கொள்கிறது. மறுநாள் காலையில் மறுபடி ஆரம்பிக்கும். சில மாதங்களில் சூடான பிறகும் நிற்காமல் போகும், அப்புறம் ஏற்றத்தில் அழுத்தினால் 'புஃப் புஃப்' என்று கேட்கும். புக்கிட் பெராபிட் ஏற்றத்தில் உங்கள் கார் பழைய லாரி மாதிரி கத்தினால் அதுதான் காரணமாக இருக்கும்.

டேப்பட் சத்தமும் இப்படித்தானே இருக்கும்? எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நல்ல கேள்வி. இதில் ஏமாந்து, நன்றாக இருந்த இன்ஜினை அனாவசியமாகத் திறந்தவர்கள் உண்டு. டேப்பட் என்பது வால்வை இயக்கும் பாகம். அதன் சத்தம் பெரும்பாலும் மேலே, வால்வு மூடிக்கு அடியிலிருந்து வரும். வண்டி பாரம் இழுக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அது பெரிதாக மாறாது. கேஸ்கட் கசிவு அப்படியில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தால் சட்டென்று கூடும். ஒரு மீட்டர் ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்திப் பாருங்கள். ஓட்டை எங்கே என்று குழாயே சொல்லிவிடும். ஃபேன் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் பக்கத்தில் மட்டும் குழாயைக் கொண்டுபோகாதீர்கள்.

கண்ணாலும் பார்க்கலாம். கசியும் இடத்தைச் சுற்றிக் கறுப்பாகக் கரி பூசியது போல் இருக்கும். அதுவும் போதவில்லை என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, காற்று ஊதும் வசதி உள்ள வேக்குவம் கிளீனரை வால் குழாயில் பொருத்தி ஊதவிட்டு, மேனிஃபோல்ட் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் ஓட்டை. பஞ்சர் பார்க்கிற அதே கதை.

சத்தம் பழகிடுச்சு. அப்படியே ஓட்டினா என்ன ஆகும்?

சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். புகையைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வால் குழாய் வழியாகப் போனால் காருக்குப் பின்னால் போய்விடும். மேனிஃபோல்டில் கசிந்தால் பானெட்டுக்குள் தங்கி, கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வழியாகக் காருக்குள் நுழையும். பழைய கார்களில் அந்தச் சுவரில் இருக்கும் ரப்பர் அடைப்புகளும் காய்ந்து விழுந்திருக்கும்.

ஒருவர் தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஜொகூர் போய்த் திரும்பிய கதையைச் சொன்னார். வழி முழுக்கப் பிள்ளைகளுக்குத் தலைவலி, குமட்டல். பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார். பானெட்டைத் திறந்து காட்டினேன், மேனிஃபோல்டின் ஒரு ஓரம் முழுக்கக் கரி. காருக்குள் உட்கார்ந்தால் தலைவலி, தூக்கம், குமட்டல், இறங்கி நடந்தால் சரியாகிறது என்றால் கேஸ்கட் மாற்றும் வரை அந்தக் காரில் பிள்ளைகளைத் தூங்க வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். மூடிய கராஜில் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், கசிவு இல்லாத காராக இருந்தாலும் கூட.

பெட்ரோல் அதிகமா குடிக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

இ.எஃப்.ஐ வண்டி, அதாவது கணினி சொல்லும் அளவுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி என்றால் இருக்கலாம். புகை விட்டு விட்டுத்தான் வரும். இரண்டு தள்ளலுக்கு நடுவே ஒரு நொடிக்கும் குறைவான நேரம் உள்ளே இழுப்பு உண்டாகி, ஓட்டை வழியாக வெளிக்காற்று புகும். கீழே இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று கணினிக்குச் சொல்லும். கணினியும் நம்பி, கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும்.

பழைய கார்புரேட்டர் சாகாவில் அந்தச் சென்சார் இல்லை. அதனால் அதில் பெட்ரோல் செலவுக்கு இந்தக் கேஸ்கட் மேல் பழி போடாதீர்கள். சோக் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ்கட் சில பத்து வெள்ளிதான். போர்மேன் (மெக்கானிக்) கூலி ஏன் அவ்வளவு கேக்கிறாரு?

கேஸ்கட்டை மாற்ற அரை மணி நேரம் கூடத் தேவையில்லை. அதுவரை போய்ச் சேருவதற்குத்தான் கூலி. இருபது, முப்பது வருடம் சூட்டிலும் மழையிலும் வெந்து துருப்பிடித்த நட்டுகள் அவை. ஒன்று உடைந்தால் போர்மேனின் அந்த நாள் போச்சு. அவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் விலை சொல்கிறார். 'உடைந்தால் எவ்வளவு, உடையாவிட்டால் எவ்வளவு' என்று முதலிலேயே இரண்டு விலை கேட்டு வைத்துக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

மூணு வகை எடுத்துக் காட்டுறீங்க. எது வாங்கட்டும்?

தகட்டோடு கிராஃபைட் சேர்த்த வகை மெத்தென்று இருக்கும். முகத்தில் சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் நிரப்பிக்கொள்ளும், பழைய மேனிஃபோல்டுக்கு அதுதான் பொருத்தம். பல அடுக்கு எஃகுத் தகடு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் இரண்டு முகமும் தட்டையாக இருக்க வேண்டும். மலிவான அட்டை வகையை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கேட்டால் கொடுப்பேன், கடை என்னுடையது இல்லை.

வாங்கும்போது இன்ஜின் நம்பரைச் சொல்லுங்கள், கார் பெயர் போதாது. வெளியே வீரா, உள்ளே பொத்தோங் கடையிலிருந்து (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடை) எடுத்து வைத்த வேறு இன்ஜின் என்பது இங்கே சகஜம்.

கழட்டாம வெளிய சிவப்பு சிலிக்கோன் பூசிட்டா நிக்காதா?

நிற்காது. அந்தச் சிலிக்கோன் தாங்கும் சூடு ஏறக்குறைய 300 டிகிரி. பாரம் இழுக்கும்போது வெளியேறும் புகை 700 டிகிரியைத் தாண்டும். ஒரு வாரத்தில் கருகி உதிரும். புதுக் கேஸ்கட்டின் மேலும் பூசாதீர்கள், அதைக் காய்ந்தபடியே மாட்ட வேண்டும்.

நானே வீட்டுல செய்யலாமா? என்னென்ன வேணும்?

மேனிஃபோல்ட் முன்பக்கம் இருந்தால், பொறுமை இருந்தால், செய்யலாம். 12 மில்லி நீளச் சாக்கெட், தகர மூடிக்கு 10 மில்லி, நீட்டுக் கம்பி, கம்பி பிரஷ், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), துருவுக்கு ஊடுருவும் எண்ணெய், கண்ணுக்கு நல்ல பாதுகாப்புக் கண்ணாடி. துருத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். காருக்குக் கீழே போவதாக இருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். தகர மூடி, சென்சார் இருந்தால் அதன் வயர், கீழ்க்குழாயின் நட்டு, கடைசியாக மேனிஃபோல்ட் நட்டு என்ற வரிசையில் போங்கள். கீழ்க்குழாய் சேரும் இடத்திலும் ஒரு வளையக் கேஸ்கட் இருக்கும், அதையும் சேர்த்து வாங்கி வையுங்கள். அதை மறந்துவிட்டு எண்ணெய்க் கையோடு மோட்டார் சைக்கிளில் கடைக்கு வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. சில பழைய இன்ஜின்களில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்கும் இதற்கும் ஒரே கேஸ்கட், அப்படியென்றால் இரண்டையும் இறக்க வேண்டும். முதல் முறை செய்பவர் அந்த வண்டியைத் தொடாமல் இருப்பது நல்லது.

நட்டு அசையவே மாட்டேங்குது. பெரிய பைப் போட்டு இழுக்கவா?

வேண்டாம். நான் அப்படித்தான் என் சொந்த இஸ்வாராவில், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு முழப் பைப்பை மாட்டி இழுத்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நட்டு கையில், அது ஏறியிருந்த மரையாணியான ஸ்டட்டில் பாதியும் அதோடு. மறுநாள் மாமியார் வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம்.

முதல் நாள் இரவே எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். காலையில் இன்னொரு முறை. நட்டின் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு, துரு விடும். பிறகு கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசையுங்கள். அசைந்தால் வென்றீர்கள். முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, இடையிடையே எண்ணெய் விட்டு எடுக்கலாம். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து முழுசாக வெளியே வந்தால் பயப்படாதீர்கள், அது நல்லதுதான், புது ஸ்டட் போட்டுக்கொள்ளலாம். சில இன்ஜின்களில் அந்த ஓட்டை தண்ணீர் ஓடும் வழி வரை போகும். கூலன்ட் ஒழுகினால் மரைக்குச் சீலன்ட் பூசித்தான் புதுசை ஏற்ற வேண்டும்.

இன்னும் அசையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஒன்றும் உடையாத நிலையில் வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். அங்கே நட்டை மட்டும் நெருப்பில் காட்டிக் கழற்றுவார்கள். வீட்டில் எண்ணெய் அடித்த இடத்தில் நீங்கள் நெருப்பு காட்டாதீர்கள்.

ஸ்டட் உடைஞ்சிடுச்சு, அங்கள். இப்ப என்ன?

எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விரல் நகம் அளவுக்கு மேல் இருந்தால், மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகு பூட்டிக்கொள்ளும் குறடால் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். மரை மிச்சமிருந்தால் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, உள் நட்டைத் திருப்பலாம்.

முகத்தோடு முகமாக உடைந்திருந்தால் வெல்டிங் தெரிந்தவரிடம் போங்கள். உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டு செய்வார், அந்தச் சூட்டிலேயே துரு விட்டுவிடும். ஸ்டட் எஃகு, ஹெட் அலுமினியம், அதனால் வெல்டு ஹெட்டில் ஒட்டாது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டு செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

துளை போட்டு, ஈசி அவுட் என்று விற்கிற முறுக்கு ஆணியை நீங்களே இறக்காதீர்கள். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. துளை கோணலாகப் போனால் மெல்லிய அலுமினியத்தைத் தின்றுவிடும். பிறகு ஹெட்டையே இறக்கி ஈப்போ லேத் பட்டறைக்குத் தூக்க வேண்டியதுதான்.

பழைய கேஸ்கட் முகத்துல ஒட்டிக் கெடக்கு. கிரைண்டர் போட்டு எடுத்துடவா?

கிரைண்டர் அலுமினியத்தை ஒரு நிமிடத்தில் பள்ளமாக்கிவிடும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியால் மெதுவாக எடுங்கள். ஓட்டைகளுக்குள் துணி திணித்து வைத்தால் தூள் உள்ளே போகாது. மாட்டுவதற்கு முன் துணியை எடுக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று. மிகப் பழைய கேஸ்கட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள், காற்று பிடித்து ஊதாதீர்கள், மாஸ்க் போடுங்கள், குப்பையைப் பையில் கட்டிப் போடுங்கள்.

எவ்வளவு இறுக்கணும்? எந்த நட்டுல ஆரம்பிக்கணும்?

நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போங்கள். முதல் சுற்றில் கையால், இரண்டாவதில் பாதி பலம், மூன்றாவதில் முழுசு. ஓரத்தில் ஆரம்பித்தால் நடுவில் தூக்கிக்கொள்ளும்.

8 மில்லி ஸ்டட் உள்ள இந்த வகைச் சின்ன இன்ஜின்களில் அளவு பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், உங்கள் இன்ஜினின் கையேட்டில் சரியான எண்ணைப் பாருங்கள். டயர் நட்டுக்குப் போடும் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று கூடுதலாக ஒரு இழுப்பு இழுப்பதுதான் நம் ஆட்களின் வியாதி. புது நட்டு போடுங்கள். ஸ்டட்டில் சூடு தாங்கும் செம்புக் கிரீஸ் கொஞ்சம் தடவலாம், ஆனால் அப்போது மரை வழுக்கும், அளவுக்கு மேல் ஒரு துளியும் இறுக்காதீர்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

மாட்டி ஸ்டார்ட் பண்ணதும் புகையா வருது. தப்பா மாட்டிட்டேனா?

நீங்கள் அடித்த எண்ணெயும் கைப்பட்ட கிரீஸும் எரிகின்றன. திறந்த வெளியில் கால் மணி நேரம் ஓட விட்டால் அடங்கும். அடங்காமல், டிக் சத்தமும் இருந்தால்தான் கவலை. சில நாள் ஓட்டிய பிறகு, முழுக்கக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.

புதுசு மாட்டி மூணு மாசம்தான் ஆச்சு. மறுபடி அதே டிக் டிக். நீங்க கொடுத்த கேஸ்கட்தான் மட்டம்!

இந்தக் குற்றச்சாட்டை நிறையக் கேட்டிருக்கிறேன். கேஸ்கட் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதுசு மாட்டினால் புதுசும் சாகும்.

முதல் சந்தேகம், மேனிஃபோல்டின் முகம் வளைந்திருப்பது. சூட்டில் அலுமினிய ஹெட் விரியும் அளவு வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. தினமும் இந்த இழுபறியில் பல வருடம் கிடந்தால் இரும்பு வளையும், ஓரத்து ஸ்டட் உடையும். கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்பு அடிக்கோலை வைத்து, இடுக்கில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனால் லேத் பட்டறையில் ஸ்கிம் செய்ய, அதாவது முகத்தைத் தட்டையாகச் சீவக் கொடுங்கள். அதுவும் எல்லா ஓட்டைகளையும் ஒரே மட்டத்தில் சீவ வேண்டும்.

இரண்டாவதுதான் நம் ஊரில் அதிகம், யாரும் பார்ப்பதும் இல்லை. தோட்டத்துச் சாலையில் மேடு பள்ளத்தில் அடி வாங்கி, சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் அறுந்திருக்கும். கம்பி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அல்லது அதுவும் இருக்காது. அப்போது முழுக் குழாயின் எடையும் மேனிஃபோல்டில் தொங்கும். இன்ஜினைத் தாங்கும் ரப்பரான மவுண்டிங் கிழிந்திருந்தாலும் அதே கதை. கியர் போடும்போதெல்லாம் இன்ஜின் ஆடும், குழாய் அசையாது, நடுவில் மாட்டிக்கொண்டு அடி வாங்குவது கேஸ்கட். பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் யாரும் நிற்காமல், கை பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்தபடி, ஓடும் இன்ஜினில் கியர் போட்டுக் கிளச்சை லேசாக விட்டுப் பாருங்கள். இன்ஜின் எழுந்து கும்பிட்டால் மவுண்டிங் போயிருக்கிறது. வளையத்தையும் மவுண்டிங்கையும் சேர்த்து மாற்றியவர்கள் கேஸ்கட்டுக்காக என்னிடம் திரும்பி வந்ததில்லை.

எல்லாம் பார்த்தாச்சு. முகம் தட்டை, மவுண்டிங் நல்லா இருக்கு. இன்னும் சத்தம் வருதே?

மேனிஃபோல்டிலேயே விரிசல் இருக்கலாம். இரண்டு குழாய் சேரும் கவட்டில் மயிரிழையாக ஓடும், சூடானதும் மூடிக்கொள்ளும். முன்பு சொன்ன சோப்பு நுரைச் சோதனையில் நுரை ஓரத்தில் வராமல் நடுவில் வந்தால் அதுதான். வார்ப்பிரும்பை வெல்டு செய்வது எல்லாராலும் ஆகாது. முதலில் பதமாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெல்ல ஆற விட வேண்டும். அப்படிச் செய்தும் பக்கத்தில் புதிதாக விரிசல் விடுவதைப் பார்த்திருக்கிறேன். பொத்தோங் கடையில் நல்ல மேனிஃபோல்ட் தேடுவது புத்திசாலித்தனம். வாங்கும் இடத்திலேயே அடிக்கோலை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

எப்படியும் கழட்டுறோம். எக்ஸ்ட்ராக்டர் போட்டுட்டா?

எக்ஸ்ட்ராக்டர் என்பது வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக மாட்டும் குழாய்த் தொகுப்பு. போடலாம், ஆனால் கேஸ்கட் தொல்லையிலிருந்து தப்பிக்க அது வழியில்லை. மலிவான எக்ஸ்ட்ராக்டரின் தகடு மெல்லியது, இன்னும் சீக்கிரம் வளையும். சத்தம் கூடினால் சம்மன் வரும், அதைக் கட்ட என்னிடம் வராதீர்கள்.

நீங்களே ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்களேன்?

கேட்டுச் சொல்கிறேன், கழற்ற இடுப்பு ஒத்துக்கொள்ளாது. ஆனால் ஓட்டிக்கொண்டு வந்தவுடன் கேட்டால் பயனில்லை, ஏன் என்று இரண்டாவது கேள்வியிலேயே சொல்லிவிட்டேன். முதல் நாள் சாயங்காலமே வண்டியைக் கடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். காலையில் நான்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.